சஸ்பென்ஸ் கணக்கு

போன வருடம் செப்டம்பர் கடைசி. வில்லியனூர்ப் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கும் எங்கள் பார்ட்டி ஒருவர் (எங்கள் ஆபீசில் கணக்கு பார்க்கக் கொடுப்பவர்) போன் செய்தார்.

"ஆடிட்டர் சார், பேலன்ஸ் ஷீட் வந்துடுச்சு. கூடவே ஒரு வீடும் வந்திருக்கு. யாரு வீடு சார்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டது. டிரையல் பேலன்ஸுக்கும் தேய்மானப் பட்டியலுக்கும் நடுவில், ஸ்டேப்ளர் பின் அடித்து, என்னுடைய ரஃப் தாள் ஒன்று போயிருக்கிறது. ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்து வீணாகிப்போன தாள்களைக் கிளிப் போட்டு மேசை மேல் வைத்திருப்போம், போன் பேசும்போது தொகை குறித்துக்கொள்ள. அப்படி ஒரு தாளின் வெற்றுப் பக்கத்தில் நீல பால்பாயின்ட் பேனாவால் ஒரு வீடு. முக்கோணக் கூரை, இரண்டு ஜன்னல், ஒரு கதவு, வாசலிலிருந்து வளைந்து போகும் பாதை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடுகிற படம். கூரை மட்டும் அப்படி இல்லை. கோட்டின் மேல் கோடு, அதற்குக் குறுக்கே கோடு, மறுபடி அதன் மேல் என்று இழுத்து இழுத்து மை பளபளத்தது. அந்த இடத்தில் தாள் உப்பி, ஒரு மூலையில் கிழிந்தே போயிருந்தது. போட்டோவிலேயே தெரிந்தது.

செப்டம்பர் 30 என்றால் டேக்ஸ் ஆடிட் அறிக்கைக்குக் கடைசி நாள். அந்த வாரத்தில் ஒவ்வொரு வருடமும் எங்கள் ஆபீசில் யாருக்கும் தலைகால் புரியாது. அதனால் பார்ட்டியும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். ஆனால் ஆபீசில் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் என்ட்ரி போடும் அக்கா விடவில்லை. என் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"தானே புயல்ல உங்க வீட்டு ஓடு பறந்துச்சுல்ல தம்பி, அதான். மனசுல இருக்கிறதுதான் கையில வரும்."

கேட்டபோது சரியாகத்தான் பட்டது. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது நாங்கள் கடலூர் முதுநகரில் ஓட்டு வீட்டில் இருந்தோம். பாதிக் கூரை போனது. மகள் அப்போது கைக்குழந்தை. கட்டிலுக்கு அடியில் அவளை வைத்துக்கொண்டு மனைவி உட்கார்ந்திருந்தாள். மேலே வானம் தெரிந்தது. ஆக, கூரையைக் கறுப்பாக்குகிறவன் கூரை பறிபோனவன். கதை அழகாகப் பொருந்தியது. இரண்டு நாள் என்னை நினைத்து நானே கொஞ்சம் உருகிக்கொண்டிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணைச் சுத்தம் செய்தபோது பழைய பெட்டியில் என் பி.காம் நோட்டு ஒன்று கிடைத்தது. 1998-ஆம் வருடத்து நோட்டு. கடைசிப் பக்கத்தில் அதே வீடு, அதே வளைந்த பாதை, அதே கறுத்த கூரை. புயலுக்கு 13 வருடம் முந்தையது.

விஷயம் என்னவென்றால், எனக்கு வரையத் தெரிந்த படமே அது ஒன்றுதான். அந்தப் படத்தில் அடைத்துத் தீட்ட இடம் இருப்பது கூரையில் மட்டும்தான். ஜன்னலில் தீட்டினால் கம்பி மறைந்துவிடும்.

கிறுக்கலைப் பார்த்துப் பலன் சொல்வதில் பெரிய இடத்து ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள் என்று பின்னால் படித்தேன். 2005 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் நடந்த உலகப் பொருளாதார மன்றக் கூட்டத்தில், கிறுக்கிப் போட்ட தாள் ஒன்று பத்திரிகைக்காரர்கள் கையில் கிடைத்தது. அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் அந்த மேடையில் இருந்தார். அவருடையதுதான் என்று முடிவு கட்டி, கையெழுத்து பார்த்துக் குணம் சொல்கிறவர்களிடம் கொடுத்தார்கள். கவனம் நிலைக்காதவர், நெருக்கடியில் தவிக்கிறவர் என்றெல்லாம் பலன் வந்தது. கடைசியில் பார்த்தால் கிறுக்கியவர் பில் கேட்ஸ். கிளி ஜோசியம் தேவலை, அங்கே கிளிக்காவது நெல் கிடைக்கும்.

அதற்காகக் கிறுக்கலில் ஒன்றுமே இல்லை என்று விட்டுவிடவும் மனம் வரவில்லை. மேசை மேல் கிடந்த பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாத் தாளிலும் அதே வீடுதான். ஆனால் சிலதில் கூரை லேசாக, சோம்பலாக நாலு கோடு. சிலதில் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தம். படம் மாறவில்லை, கை மாறியிருக்கிறது. அப்படியானால் பார்க்க வேண்டியது படத்தை இல்லை. கை எப்போது அழுத்தியது, அந்த நிமிடத்தில் காதில் என்ன விழுந்துகொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும்.

நான் கணக்கு எழுதுகிறவன். எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். ஒவ்வொரு கிறுக்கலுக்குப் பக்கத்திலும் மணியைக் குறித்தேன். யாரிடம் பேச்சு, எதைப் பற்றி என்று ஒரே ஒரு வார்த்தை. அழுத்தம் அதிகம் என்றால் ஒரு நட்சத்திரக் குறி. விளக்கம் எதுவும் எழுதவில்லை. அன்றன்றே விளக்கம் எழுத உட்கார்ந்தால் நமக்குப் பிடித்த கதையைத்தான் எழுதுவோம், புயல் கதை மாதிரி.

மூன்று வாரத்தில் 41 கிறுக்கல். அதில் 26 வெறும் சலிப்பு. ஜிஎஸ்டி போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருந்தது, வங்கியில் போனைப் பிடித்துக்கொண்டு பாட்டு கேட்டது, அப்படி. இதில் துப்பு துலக்க ஒன்றும் கிடையாது. சொல்லப்போனால் அது நல்லதும்கூட. இங்கிலாந்தில் ஜாக்கி ஆண்ட்ரேட் என்ற உளவியலாளர் 40 பேருக்கு ஒரு சலிப்பான தொலைபேசிப் பதிவைப் போட்டுக் காட்டினார். பாதிப் பேரைக் கேட்டுக்கொண்டே தாளில் உள்ள உருவங்களைத் தீட்டச் சொன்னார். தீட்டியவர்கள் மற்றவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக நினைவு வைத்திருந்தார்கள். 2009-இல் வந்த ஆய்வு இது. கைக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தால் மனம் ஒரேயடியாக ஊர் சுற்றப் போகாமல் அங்கேயே நிற்கிறது போலிருக்கிறது. இதை எங்கள் சாரிடம் சொன்னேன். "அப்படின்னா வீட்டை ஃபைல்ல சேக்காம கிறுக்குங்க" என்றார்.

மீதி 15-இல் நட்சத்திரம் போட்டவை 11. அந்த 11-க்கும் பக்கத்தில் எழுதியிருந்த வார்த்தையை வரிசையாகப் படித்தபோதுதான் வயிற்றில் ஏதோ செய்தது. பார்ட்டி வேறு வேறு, மணி வேறு வேறு. வார்த்தை மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான்: "ஆடிட்டர்", "கையெழுத்து", "ஆடிட்டர் சார்", "நீங்களே போட்டுடுங்க".

நான் ஆடிட்டர் இல்லை. ஆடிட்டர் ஆபீசில் 20 வருடத்துக்கு மேல் வேலை செய்கிறவன். இரண்டுக்கும் உள்ள தூரம் இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. சிஏ என்கிற பட்டயக் கணக்காளர் படிப்பைப் பாஸ் செய்து உறுப்பினர் எண் வாங்கியவர்தான் கையெழுத்துப் போட முடியும். இப்போதெல்லாம் அவர் போடும் ஒவ்வொரு சான்றுக்கும் தனியாக ஒரு அடையாள எண் உருவாக்க வேண்டும். நான் அறிக்கையை முழுவதும் தயார் செய்து, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டு, "சார், இங்க" என்று நீட்டுகிறவன். ஆனால் ஊரில், சொந்தத்தில், பார்ட்டிகள் வாயில் எல்லாம் நான் ஆடிட்டர். யாரும் கேட்டு நான் பொய் சொன்னதில்லை. திருத்தியதும் இல்லை.

இதுவரை கையின் கதை. மனசின் கதை பஸ்ஸில் நடக்கிறது.

கடலூரிலிருந்து பாண்டிக்கு 22 கிலோமீட்டர். திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி, ஆல்பேட்டை தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்ததும் எனக்கு மனக்கோட்டை ஆரம்பமாகிவிடும். ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று வளர்ந்துகொண்டே போகும். அரியாங்குப்பம் பாலத்தில் நெரிசலில் பஸ் நின்று, கண்டக்டர் பின்னால் இருப்பவர்களை உள்ளே தள்ளச் சொல்லிக் கத்தும்போது கலையும். இது எத்தனை வருடப் பழக்கம் என்று எனக்கே தெரியாது.

கதை மூன்று நாலு விதமாக வரும். ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வருமான வரிச் சோதனை. எல்லாரும் வெலவெலத்துப்போய் நிற்கிறார்கள். நான் மட்டும் நிதானமாக ஒரு பிரிவு எண்ணைச் சொல்கிறேன், அதிகாரி நிமிர்ந்து பார்க்கிறார். இன்னொன்றில் மிஷன் வீதியில் மாடியில் எனக்குத் தனி ஆபீஸ், வாசலில் பித்தளைப் பலகை, என் பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்து. மூன்றாவதில் ஏதோ கல்யாணம். முன் வரிசையில் உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள், நான் "பரவாயில்லை, பரவாயில்லை" என்கிறேன். அந்தப் பரவாயில்லையை எத்தனை அழகாகச் சொல்வேன் தெரியுமா?

யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருக்கும் விஷயம்தான். ஆனால் எல்லார் தலைக்குள்ளும் ஒரு பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் செல்போன் வழியாக நேரம் கெட்ட நேரத்தில் "இப்போது எதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்று கேட்டுப் பார்த்தார்கள். 46.9 சதவீத நேரம் செய்கிற வேலையில் மனம் இல்லை. 2010-இல் இதை வெளியிட்டார்கள். அப்படி அலைகிற மனம் சந்தோஷமாகவும் இல்லை என்பதுதான் அவர்கள் கண்ட அடுத்த விஷயம். இனிப்பான நினைப்பில் மிதப்பவர்கள்கூட, கையில் இருக்கும் வேலையில் மனதை வைத்திருப்பவர்களைவிடக் கூடுதல் மகிழ்ச்சியில் இல்லையாம். எனக்கு அது புரிந்தது. அரியாங்குப்பத்தில் கதை கலைந்து, பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்கும்போது உடம்பில் ஓர் அசதி இருக்கும். முன் வரிசையில் இருந்து எழுந்து வந்தவனுக்கு வரக்கூடாத அசதி.

பகற்கனவைப் பல வருடம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் சிங்கர் அதை மூன்று வகையாகப் பிரித்தார். திட்டம் போடுகிற, விளையாட்டான, பயனுள்ள கனவு ஒன்று. குற்ற உணர்வும் தோல்விப் பயமும் கலந்தது இன்னொன்று. எதிலும் நிலைகொள்ளாமல் தாவுவது மூன்றாவது. என்னுடையது முதல் வகை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான்தானே கதையில் ஜெயிக்கிறேன்?

கிறுக்கலில் கற்ற பாடத்தைக் கனவிலும் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. கதையில் நான் என்ன ஆகிறேன் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கவனித்தேன். முருங்கப்பாக்கம் வந்ததும் போனில் குறித்துக்கொள்வேன், அன்றைய கூட்டத்தில் யார் யார் என்று. இதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். கனவு காண்கிறவனுக்குத் தன் முகம்தான் பளிச்சென்று தெரியும், பார்வையாளர்கள் மங்கலாகத்தான் இருப்பார்கள். ஒரு வாரம் பிடித்தது.

நான் எதிர்பார்த்தது சில முகங்களை. கூடப் படித்து இன்று சென்னையில் சொந்த ஆபீஸ் வைத்திருக்கும் நண்பன். கல்யாண வீடுகளில் சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் மச்சான். அவர்கள் ஒரு நாள் இருந்தார்கள், ஒரு நாள் இல்லை. எல்லா நாளும், எல்லாக் கதையிலும் இருந்தவர் ஒருவர்தான். ஜவுளிக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில், ஆபீசில் செருப்பு கழற்றும் இடத்தில், கல்யாணத்தில் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, காக்கி அரைக்கால் சட்டையும் கை நிறைய கிரீஸுமாக என் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவே மாட்டார். நானும் கூப்பிட மாட்டேன்.

முதுநகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அப்பாவுக்கு நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வேலை. சம்பளம் வீட்டுக்கே சரியாக இருந்தது. 1999-இல் நான் பி.காம் முடித்ததும், சித்தப்பா தான் பிடித்த சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்து 12,000 ரூபாய் கொடுத்தார், சிஏ இன்டர் கோச்சிங்குக்கு. பத்து ரூபாயும் இருபது ரூபாயுமாகக் கட்டிய சீட்டு. மூன்று தடவை எழுதினேன். மூன்றும் போனது. வேலையில் சேர்ந்தேன். "படிப்பு எப்படிடா போகுது" என்று கேட்டபோது "போய்க்கிட்டு இருக்கு சித்தப்பா" என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் "எங்க அண்ணன் பையன் பாண்டியில ஆடிட்டர்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

எங்கள் தொழிலில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. வங்கியில் 18,500 ரூபாய் வந்து விழுந்திருக்கும். யார் போட்டது, எதற்கு, தெரியாது. விட்டுவிட்டால் டேலி ஆகாது. அதனால் தற்காலிகமாக சஸ்பென்ஸில் போட்டு வைப்போம். வருடக் கடைசிக்குள் தேடிக் கண்டுபிடித்து உரியவர் பேருக்கு மாற்ற வேண்டும். சோம்பேறிக் கணக்கன் அதை ஒவ்வொரு ஏப்ரலிலும் அப்படியே அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோவான். நான் பார்ட்டிகளைத் திட்டுவது இதற்காகத்தான்.

சிஏ ஆகவில்லை என்பது என் குறை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தப்பான தலைப்பில் எழுதியிருக்கிறேன். பாஸ் ஆகாதவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். சீட்டுப் பணத்துக்கு நான் கணக்குச் சொல்லாததுதான் விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர் பல வருடமாக இனிய கற்பனைகளை ஆராய்ந்துவருகிறார். ஜெயித்துவிட்ட மாதிரி ரசித்துக் கற்பனை செய்கிறவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்குகிறது, உடம்பு காரியம் முடிந்துவிட்ட மாதிரி ஓய்ந்துகொள்கிறது என்று கண்டார். வேலை தேடும் பட்டதாரிகளில் இப்படி அதிகம் கற்பனை செய்தவர்களுக்கு இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் வேலை வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. படித்துவிட்டு பஸ்ஸிலேயே கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டேன். தினமும் காலை 8:40-க்குத் தவளக்குப்பத்தில் சிஏ பாஸ் செய்கிறவன் ராத்திரி எதற்குப் புத்தகத்தைத் திறப்பான்?

கனவு காணாதே என்று அவர் சொல்லவில்லை. ஆசையை நினை, அது நடந்தால் எப்படி இருக்கும் என்று பார், உடனே அதற்குக் குறுக்கே உனக்குள்ளேயே நிற்பது எது என்று கண்டுபிடி, அது தலைகாட்டும்போது என்ன செய்வாய் என்று முன்கூட்டியே முடிவு செய் என்கிறார். நான் எழுதிப் பார்த்தேன். ஆசை: சித்தப்பாவிடம் உள்ளதைச் சொல்வது. நடந்தால்: அவர் உள்ளே வந்து உட்காருவார். குறுக்கே நிற்பது: சித்தி காபி கொண்டுவந்ததும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். இருபது வருடமாக அதுதான் நடந்திருக்கிறது. ஆகவே, காபிக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். கேட்க அற்பமாக இருக்கலாம். ஆனால் "தைரியமாக இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தால் இன்றைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

நடுவில் அக்கா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் நோட்டைப் பார்த்து அவரும் மணி குறித்தார். அவர் போடுவது புள்ளிக் கோலம். ஓரத்தில் ஐந்துக்கு மூன்று புள்ளி வைத்துச் சிக்குக் கோடு சுற்றிக்கொண்டே போவார். "எனக்கென்ன தம்பி குறை, மனசு லேசா இருந்தா கோலம் வரும்" என்றார். பத்து நாள் கழித்து நோட்டைப் பார்த்தால், முடிக்காமல் பாதியில் அறுந்த கோலங்கள் எல்லாம் ஒரே மாதிரி நேரத்தில்: சார் கதவைத் திறந்து புதிதாகச் சேர்ந்த பெண்ணைக் கூப்பிட்டபோது. அந்தப் பெண் எக்செல்லில் கை வைத்தால் அரை மணி வேலை இரண்டு நிமிடத்தில் முடியும். "அட போங்க தம்பி" என்று அக்கா நோட்டை மூடிவிட்டார். அதோடு குறிப்பதையும் நிறுத்திவிட்டார். ஆனால் டிசம்பரில் ஒரு மத்தியானம், டிபன் பாக்ஸைக்கூட மூடாமல், அந்தப் பெண் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பிவோட் டேபிள் கற்றுக்கொண்டிருந்தார்.

இதிலிருந்து நான் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். அடுத்தவர் கிறுக்கலுக்கு நான் பலன் சொல்வதில்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் எல்லா நோட்டிலும் கண் கண்ணாக வரைகிறாள். மனைவிக்குப் பயம், யாராவது அவளை முறைத்துப் பார்க்கிறார்களோ என்று. "ஏன் கண்ணு?" என்று கேட்டால் பிள்ளைகள் சுருங்கிவிடும். "இது எந்த பீரியட்ல வரைஞ்சது?" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, "எல்லா பீரியட்லயும்தான்பா. எனக்குக் கண்ணு மட்டும்தான் நல்லா வரும், மூக்கு வரல" என்றாள். அவ்வளவுதான். என் வீடு மாதிரி.

அதே சமயம், எல்லாவற்றையும் நோட்டுப் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். கனவிலேயே மணிக்கணக்காக இருந்து, சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம் கெடுகிறவர்கள் இருக்கிறார்கள். இஸ்ரேலைச் சேர்ந்த எலி சோமர் 2002-இல் இதைத் தனியாக அடையாளம் காட்டி எழுதினார். அந்த அளவுக்குப் போனால் கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேசினால் போதும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம். போக வெட்கப்பட ஒன்றுமில்லை. பல்வலிக்குப் போவதில்லையா?

காணும் பொங்கல் அன்று முதுநகர் போனோம். பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்ததும் மகளுக்கும் அவள் தம்பிக்கும் சில்வர் பீச் போக அவசரம். சித்தப்பா வாசலில் பழைய சைக்கிள் டயர் மேல் பலகை போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளுக்குக் கரும்பு சீவிக்கொண்டிருந்தார். கடையை மூடி ஆறு வருடம் ஆகிறது, கையில் கிரீஸ் இல்லை. ஆனால் நகத்தைச் சுற்றி அந்தக் கறுப்புக் கோடு போகவே இல்லை. அவருக்குப் பல் கிடையாது, அதனால் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. கணுவை வெட்டி எறிந்து, தோலைச் சீவி, விரல் நீளத் துண்டாக நறுக்கி எவர்சில்வர் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார்.

சித்தி, "காபி போடறேன்" என்று எழுந்தார்.

"சித்தப்பா, நான் ஆடிட்டர் இல்ல" என்றேன். "இன்டரே பாஸ் பண்ணல. மூணு தடவை எழுதி விட்டுட்டேன். ஆபீஸ்ல கணக்கு எழுதற வேலைதான்."

கத்தி நிற்கவில்லை. "தெரியும்டா."

"எப்போ?"

"அப்பவே. பாஸ் பண்ணியிருந்தா ஸ்வீட்டு வாங்கிட்டு வந்திருப்ப இல்ல?"

"அப்புறம் ஏன் ஊரெல்லாம் ஆடிட்டர்னு சொன்னீங்க?"

"பாண்டியில ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு எழுதறான்னு எவ்ளோ நீளமா சொல்றது? காத்து அடிக்கிற நேரத்துல கேக்கறானுங்க. சட்டுனு சொல்லி அனுப்ப வேணாமா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சீட்டுப் பணத்தைப் பற்றி ஆரம்பித்தேன். வேண்டாம் என்பார், தோளைத் தட்டுவார் என்று தவளக்குப்பம் பஸ் கற்பனை ஒன்று அதற்குள் தயாராகிவிட்டது. அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"குடேன். வேணாம்னா சொல்லப் போறேன்?"

மாசியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எச்சிலைத் தொட்டு இரண்டு தடவை எண்ணினார். "வட்டி?" என்று கேட்டுவிட்டுச் சித்தியைப் பார்த்துக் கண் அடித்தார்.

இப்போது பார்ட்டிகள் ஆடிட்டர் சார் என்றால், "நான் ஸ்டாஃப்தாங்க, சார்கிட்ட கையெழுத்து வாங்கி அனுப்பறேன்" என்கிறேன். முதல் பத்து தடவை நாக்கு புரளவில்லை. ஒருவரும் ஆச்சரியப்படவில்லை என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். பாதிப் பேருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பி.காம் படித்தவர்கள் ஜிஎஸ்டி பிராக்டிஷனராக, அதாவது பார்ட்டிகளுக்காக ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறவராக, பதிவு செய்துகொள்ளலாம். அதற்கான விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் அந்தப் பதிவை மட்டும் நான் இதுவரை வாங்கவில்லை, வேண்டுமென்றே.

வீடு வரைவது நிற்கவில்லை. கூரைக்கு நாலு கோடுதான், அதுவும் போர்ட்டல் சுற்றும்போது. மனக்கோட்டையும் பெண்ணையாற்றுப் பாலத்தில் வழக்கம்போல ஆரம்பமாகிறது. சித்தப்பாவைக் காணோம். மூன்று வாரமாகப் பந்தல் காலுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு ஓனர் நிற்கிறார், கையில் வாடகை நோட்டோடு. ஏத்தப் போகிறாரோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்றிருக்கிறேன், அவர் வீட்டில் காபி கொடுப்பதற்கு முன்னால்.